சத்தம் ஆகாத அறை

எஸ்தருக்கும் மோசேக்கும் அப்பா எழுதுவது.

போன மாதம் எஸ்தர் தான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போய், தீவிர சிகிச்சைப் பிரிவைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்துக் காட்டினாள். கட்டிலுக்கு ஒரு மெஷின். ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு குரலில் கத்திக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. "ரண ஜன்னிக்காரர் வந்தால் எங்கேம்மா படுக்க வைப்பீர்கள்?" என்று கேட்டேன். "டெட்டனஸா? அதெல்லாம் இப்ப எங்கப்பா வருது? எல்லாருக்கும்தான் ஊசி போட்டுடறாங்களே. நான் புஸ்தகத்துலதான் படிச்சேன்" என்றாள். கூட நின்ற நர்சுப் பிள்ளைகள், "தாத்தா, நீங்க பாத்திருக்கீங்களா? எழுதிக் குடுங்களேன்" என்று பிடித்துக்கொண்டார்கள்.

மோசே, நீ சின்ன வயதில் அம்மாவிடம் ஒரு முறை, "அப்பா பின்னால வந்து நிக்கிறதே தெரியல, அவரு கால்ல ஒரு சலங்கை கட்டி வுடும்மா" என்று சொன்னாய். எல்லாரும் சிரித்தோம். அந்த நடை எனக்கு எங்கே வந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

என் படிப்பு பத்தாவதோடு சரி. கூரம் காலனியிலிருந்து அந்தக் காலத்தில் அதுவே பெரிய படிப்பு. பாதிரியார் ஒருவர் எழுதிக் கொடுத்த சிபாரிசில் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். படுக்கை விரிக்க, நாடி பார்க்க, புண் கட்ட, ஊசி கொதிக்க வைக்க, பிணத்தைக் குளிப்பாட்ட. இந்த வரிசையில்தான் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு காஞ்சிபுரத்தில், சாமி ஊர்வலம் போகும் வீதி மேலேயே இருந்த ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. நர்சுகளுக்கு நான் நர்சு இல்லை. வார்டு ஆட்களுக்கு நான் அவர்கள் ஆள் இல்லை. நர்சுகள் அவர்கள் அறையில் சாப்பிட்டார்கள், ஆட்கள் மரத்தடியில் சாப்பிட்டார்கள். நான் ஸ்டோர் ரூம் ஜன்னல் ஓரத்தில் சாப்பிட்டேன். யாரும் அங்கே போகச் சொல்லவில்லை. எங்கேயும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஆண்கள் வார்டுக்கு ரூபி சிஸ்டர் பொறுப்பு. நாகர்கோவில் பக்கத்து அம்மாள். ஒல்லியாக இருப்பார். திட்ட மாட்டார். நீங்கள் செய்த வேலை சரியில்லை என்றால் உங்கள் கையிலிருந்து அதை வாங்கி, உங்கள் எதிரிலேயே மறுபடி செய்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் கழுவிய பேசினை அவர் வாங்கித் திரும்பக் கழுவும்போது பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருக்கும். வசவே பரவாயில்லை என்று ஆட்கள் சொல்வார்கள்.

வராந்தா கோடியில் ஓர் அறை இருந்தது. இருட்டு ரூம் என்போம். ரண ஜன்னி வந்தவரை அதில்தான் போடுவோம். காயத்தின் வழியாக உள்ளே போன விஷம் உடம்பில் உள்ள நரம்பையெல்லாம் முறுக்கி வைத்திருக்கும். வாய் பூட்டிக்கொள்ளும். ஒரு வெளிச்சம் பட்டால், ஒரு சத்தம் கேட்டால், யாராவது சட்டென்று தொட்டால், உடம்பு வில்லாக வளைந்து மூச்சு நின்றுபோகும். அறிவு மட்டும் தெளிவாக இருக்கும். அதுதான் அந்த நோயின் கொடுமை.

அந்த அறைக்கு என்னைப் போட்டபோது ரூபி சிஸ்டர் பாதி நாள் எடுத்து வேலை சொல்லிக்கொடுத்தார். ஜன்னல்களுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிய காடாத் துணி, இரண்டு மடிப்பு. கதவுக் கீலுக்கு விளக்கெண்ணெய். எஃகுத் தட்டில் துணி விரித்து அதன் மேல்தான் ஊசியும் கிண்ணமும் வைக்க வேண்டும், உலோகத்தோடு உலோகம் படக்கூடாது. டார்ச்சுக்குச் சிவப்புத் துணி. கால் வெறுங்கால். வாசலில் என்னை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, என் சட்டைக் கையைப் பிடித்துக் கசக்கினார். மொடமொடவென்றது.

"இந்தச் சட்டையோட உள்ள போகாதே. நாளைக்குக் கஞ்சி போடாம உடுத்துட்டு வா, கேட்டியா."

தெருவுக்குத் தெரு தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் ஊரில், கஞ்சி இல்லாத சட்டையோடு நான் வேலைக்குப் போனேன். "பிச்சைக்காரன் மாதிரி போறியே, ஊரு என்னைத்தான சொல்லும்" என்று உங்கள் அம்மா அழுதாள்.

தொடுவதற்கும் முறை இருந்தது. முதலில் மெத்தையின் மேல் கை வைக்க வேண்டும். அந்த அசைவு அவருக்குத் தெரியட்டும் என்று பொறுக்க வேண்டும். பிறகு பாதத்தில் உள்ளங்கையை முழுதாக வைக்க வேண்டும், விரல் நுனியால் அல்ல. அதற்குப் பிறகு ஒரு கை அவர் உடம்பின் மேலேயே இருக்க வேண்டும். ஊசி போடுவது, திருப்பிப் படுக்க வைப்பது, மூக்கில் போட்ட ரப்பர் குழாய் வழியாகப் பாலும் முட்டையும் இறக்குவது எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் முடித்துவிட வேண்டும். "வச்ச கையை வேலை முடியுற மட்டும் எடுக்காதே. எடுத்து வச்சா அது புதுத் தொடல்" என்பார் சிஸ்டர். பேசக்கூடாது. இருமல் வந்தால் வெளியே ஓடிப்போய் மாமரத்தடியில் இருமிவிட்டு வர வேண்டும்.

எஸ்தர் கைக்குழந்தையாக இருந்த வருஷம், சித்திரை கடைசியில், வரதன் என்ற நெசவாளர் வந்தார். நாற்பது வயது இருக்கும். தறிக்குழிக்குள் மிதிக்கட்டையில் இருந்த துருவேறிய ஆணி பாதத்தில் ஏறியிருக்கிறது. சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டிக்கொண்டு சேலையை முடிக்கிற அவசரத்தில் உட்கார்ந்துவிட்டார். சோறு மெல்ல முடியவில்லை என்று வந்தபோது தாடை இறுகிவிட்டது.

டாக்டர் சீரம் என்ற விஷமுறிவு ஊசி போட்டார். இனி நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: விஷம் தானாக இறங்குகிற வரைக்கும் அவரைத் திடுக்கிட விடாமல் வைத்திருப்பது. இரவில் வேறொருவர் இருந்தார். பகல் முழுதும் நான். பாரால்டிஹைடு என்று இழுப்பை அடக்கும் ஒரு மயக்க மருந்து, கண்ணாடி சிரிஞ்சில்தான் ஏற்ற வேண்டும். அதன் நெடி அவர் மூச்சில் வரும், அறை முழுக்க நிற்கும், என் சட்டையில் ஏறி வீட்டுக்கும் வரும். எஸ்தர், நான் தூக்கினால் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாய்.

இருட்டில் ஒரு மனிதர் விழித்துக்கொண்டு கிடக்கிறார். பக்கத்தில் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பேச முடியாது, நான் பேசக்கூடாது. அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் முகத்தை நானும் சிவப்பு வெளிச்சத்தில் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் வெளியே வந்தால் வாய் திறக்கவே தோன்றாது. டீக்கடையில் விரலைக் காட்டித்தான் டீ வாங்குவேன். வீட்டுக்கு வந்தும் அப்படியே. "உன் வாயையும் பூட்டிட்டாங்களா?" என்று அம்மா கேட்பாள். வேலையில் எது கஷ்டம் என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்களே, எனக்கு அதுதான் கஷ்டம்.

வைகாசி பிறந்தது. வரதனின் மனைவி கனகம்மாள் தினமும் வராந்தாவில் வந்து உட்காருவாள். உள்ளே விட மாட்டோம். அழுதால் சத்தம் கேட்கும். ஒரு நாள் அவள் முகம் மலர்ந்து வந்து ரூபி சிஸ்டரிடம் சொன்னாள். "நாளான்னைக்கு கருட சேவைங்க. எங்க தெருக்காரங்க எல்லாம் சேந்து மண்டகப்படி ஏற்பாடு பண்ணிட்டாங்க. சாமியை இந்த ஜன்னலுக்கு நேரா நிறுத்தி, அவருக்காகத் தீபாராதனை காட்டப் போறாங்க."

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் போனதும் என்னிடம் திரும்பினார்.

"வேட்டு போடாதீங்கன்னு டாக்டர் முன்னமே சொல்லியாச்சு, ஒத்துக்கிட்டாங்க. மேளம் அடக்கி வாசிச்சுப் போயிருவாங்கன்னு இருந்தேன். இது நின்னு முழங்குமே தேவா. மணி, சங்கு, கூட்டத்துச் சத்தம். தாங்குவானா?"

"தாங்க மாட்டாருங்க."

"நீ போய்ச் சொல்லு. அவன்கிட்ட இருக்கது நீதானே."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வரதன் தெருவுக்குப் போனேன். தெரு நீளத்துக்குப் பாவு கட்டியிருந்தார்கள். துரைசாமி மேஸ்திரி என்று அந்தத் தெருவுக்குப் பெரியவர், பாவு ஓரத்தில் நின்று இழை பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருப்பா அது? அங்கியே நில்லு. கிட்ட வராத."

பாவுக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நின்றேன்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேங்க. வரதண்ணனைப் பாத்துக்கற நர்சு நான்தான்."

"நர்சுன்னா பொம்பளை இல்ல? இதுக்கு மீசை கீது!" என்றார் ஒருவர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"பேரு இன்னா?"

"தேவசகாயங்க."

"எந்த ஊரு?"

"கூரங்க."

"கூரத்துல எங்க?"

"காலனிங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மேஸ்திரி கையிலிருந்த இழையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாமி நிக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு உன்னத்தான் அனுப்பினாங்களா? உங்க சாமி மட்டும் கோயிலுக்குள்ள ஹாயா நிக்கும், எங்க சாமி வாசல்ல ஒரு நிமிசம் நிக்கக் கூடாதா?"

"நேத்து பக்கத்து வார்டுல ஒரு சொம்பு கீழ வுழுந்துதுங்க. அதுக்கே அவருக்கு ஒடம்பு வளைஞ்சி மூஞ்சி நீலமாப் பூட்டுது."

"சொம்பும் சாமி மேளமும் ஒண்ணாடா? மேளம் கேட்டா நோவு எழுந்து ஓடும். அவன் பேரே அந்தப் பெருமாள் பேரு. நாங்க தெருவே வயித்தைக் கட்டிச் சேத்து வெச்சிருக்கிறோம்."

அவர் பேச்சில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவ்வளவு பேரும் வரதனைக் காப்பாற்றத்தான் துடித்தார்கள். அந்த அன்பே அவரைக் கொன்றுவிடும் என்று எப்படிச் சொல்வது? எனக்குப் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

கனகம்மாள் வாசலுக்கு வந்தாள். "நீதான் அவருகிட்ட இருக்கிறியா? இன்னா பண்றாரு உள்ள?"

"முழிச்சிக்கினுதாம்மா இருக்காரு. எல்லாம் தெரியுது."

"ஏதாவது கேக்கறாரா?"

"வாய் தொறக்க முடியலம்மா. நோவு கொஞ்சம் கொறைஞ்சா கால் கட்டை வெரலு மட்டும் அசையுது. வலது, எடது, வலது, எடது. அப்பறம் கொஞ்சம் நிக்குது. மறுபடியும் வலது, எடது."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தறியில மிதி போடறாரு. நடுவுல நிக்கறது சேலைக் கரைக்கு வேற நூல் நாடா மாத்தற எடம்" என்றாள். உள்ளே தறியில் பாதி நெய்த சேலை இருந்தது. அதை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியிடம், "மாமா, சாமி நிக்காமப் போவட்டும்" என்றாள்.

"தெரிஞ்சிதான் பேசறியாம்மா? வந்த சாமியை வேணான்னு சொல்றதா?"

"அவரு எழுந்தார்னா கோயில்ல வந்து பாத்துப்பாரு. எழுந்துக்கலன்னா நின்னு இன்னா, போயி இன்னா?"

மேஸ்திரி பாவுப் பக்கம் திரும்பி இழையைக் கையில் எடுத்தார். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

கருட சேவை அன்று காலை ரூபி சிஸ்டர், ஊர்வலம் வரும் நேரத்துக்கு மருந்து உச்சத்தில் இருக்கும்படி கணக்குப் பார்த்து ஊசி போட வைத்தார். பிறகு கதவுக்கு வெளியே என்னை அழைத்து, "இன்னைக்கு நீ பேசு" என்றார்.

"பேசக்கூடாதுன்னு நீங்கதான சிஸ்டர்..."

"திடீர்னு வாறதுதான் அவனுக்கு எமன். என்ன வரப்போவுதுன்னு மெல்லச் சொல்லிக்கிட்டே இரு. பேரைச் சொல்லிக் கூப்பிடு. அண்ணன், ஐயா எல்லாம் வேண்டாம். மருந்துல கிடக்கவனுக்குப் பேரு மட்டுந்தான் எட்டும், கேட்டியா."

மேளத்தை அடக்கச் சொல்ல அவர் தெருமுனையில் போய் நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன். மெத்தையில் கை வைத்தேன். பாதத்தில் வைத்தேன். காதருகே குனிந்தேன். அந்தத் தெருக்காரர் ஒருவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் அப்பாவும் கூப்பிட்டதில்லை. நாக்கு எழவில்லை. பிறகு எழுந்தது.

"வரதா."

அவர் மூச்சு ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

"வரதா, மேளம் கேக்கப் போவுது. தூரத்துலதான் இருக்குது. மண்டபத்தாண்ட வருது. பயப்படாத." ஊரில் எந்த இடத்தில் மேளம் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். "இப்ப வளையுது. இப்ப கொஞ்சம் பெருசாக் கேக்கும். கேட்டுதா? அவ்ளோதான். இதுக்கு மேல கேக்காது." அடக்கித்தான் வாசித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆயிரம் கால்கள் நடக்கிற ஓசை, மழை போல. சாமி வாசலுக்கு வந்துவிட்டது. என் கைக்குக் கீழே அவர் பாதம் இறுகி, தளர்ந்து, இறுகியது. தாங்கிக்கொண்டார்.

அப்போது எங்கோ தள்ளி, விஷயம் தெரியாத யாரோ, ஒரு வேட்டைக் கொளுத்திவிட்டார்கள்.

அதை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. அவர் உடம்பு தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையில் படும்படி எழும்பியது. தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். தொண்டையில் கோழை திரண்டு அடைத்தது. மூக்கு வழியாக ரப்பர் குழாயை விட்டு சிரிஞ்சால் உறிஞ்சினேன். மூச்சு இல்லை. ஒரு கை அவர் நெஞ்சின் மேலேயே இருந்தது. "வரதா, நான் இங்கியேதான் இருக்கிறேன். எங்கியும் போவல. வுடு, மூச்சை வுடு. வரதா, நான் எங்கியும் போவல." எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. கடைசியில் அவர் நெஞ்சு ஒரு முறை ஏறி இறங்கியது. இன்னொரு முறை. அந்த நெடி என் முகத்தில் அடித்தது. அது போல் இனித்த ஒரு வாசனையை நான் அதற்குப் பிறகு முகர்ந்ததில்லை.

மேளம் அதற்குள் வெகுதூரம் போய்விட்டிருந்தது. சாமி எப்போது கடந்தது என்று நான் கவனிக்கவில்லை.

அதன் பிறகு அவருக்கு இழுப்பு குறைந்துகொண்டே வந்தது. கண்ணில் துணி கட்டி, பொது வார்டுக்கு மாற்றினார்கள். துணியை மெல்ல மெல்ல அவிழ்த்தது வேறு ஆட்கள். நான் இருட்டு ரூமிலேயே இருந்தேன். ஐயம்பேட்டைக்காரர் ஒருவர் வந்தார். அவர் பிழைக்கவில்லை. அறை காலியாயிற்று.

வரதன் வீட்டுக்குப் போகிற நாளில் தெருவே வந்துவிட்டது. டாக்டருக்கும் ரூபி சிஸ்டருக்கும் மாலை. தட்டு நிறைய ஜாங்கிரி. நான் பேசின் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனேன். வரதன் கட்டிலில் உட்கார்ந்து, புதிதாகக் கிடைத்த வாயால் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க யாரும் நம்ப மாட்டீங்க. அன்னைக்கு சாமி ஜன்னலாண்ட நின்னுச்சு. மேளம் ஓஞ்சுது. எனக்கு உசுரு போயிக்கினே இருக்குது. அப்ப பெருமாளு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுது. 'வரதா, நான் இங்கியேதான் இருக்கிறேன், எங்கியும் போவல'ன்னு. என் காதாண்ட. நெஞ்சுல கை வெச்சுது, துரைசாமி மாமா. சத்தியமா கை வெச்சுது."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். கனகம்மாளும் பார்த்தாள். ரூபி சிஸ்டரும் பார்த்தார். சாமி நிற்கவில்லை என்பது வரதனைத் தவிர அங்கிருந்த எல்லாருக்கும் நன்றாகத் தெரியும். மேஸ்திரி மறுபடி வரதன் பக்கம் திரும்பினார்.

"ஆமாம்பா" என்றார். "நின்னுச்சு."

வரதன் அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, கட்டிலுக்கடியில என் செருப்பு கீது பாரு, கொஞ்சம் எடுத்துப் போடு" என்றார்.

எடுத்து அவர் காலடியில் வைத்தேன். அவர் முகம் வெளிச்சத்தில் எனக்கும் புதிதாகத்தான் இருந்தது. கால் கட்டை விரலைத்தான் அடையாளம் தெரிந்தது. கனகம்மாள் ஒரு ஜாங்கிரியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தாள். எட்ட நின்று போடவில்லை, கையில் வைத்தாள். உதடு ஏதோ சொல்லத் துடித்தது. நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

அவர்கள் போன பிறகு ரூபி சிஸ்டர் கேட்டார். "நீதான்னு சொல்லலியே?"

"எப்படிங்க சிஸ்டர் சொல்றது?"

அவர் என் கையிலிருந்த பேசினை வாங்கினார். குழாயடிக்குப் போய் அதைக் கழுவ ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பிள்ளைகளே, அதற்குப் பிறகு வரதனைக் கடைவீதியில் பலமுறை பார்த்திருக்கிறேன். நன்றாக இருந்தார். மோசே, உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு போனபோது ஒருமுறை அவர் எதிரே வந்து வழி விட்டார். அவ்வளவுதான்.

வரதன் வீட்டுக்குப் போன அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் இருட்டு ரூமுக்குப் போனேன். கறுப்புத் துணி இன்னும் ஜன்னலில் இருந்தது. கதவைச் சாத்தினேன், எப்போதும் போலச் சத்தமில்லாமல். எஃகுத் தட்டில் விரித்திருந்த துணியை எடுத்து மடித்துக் கட்டில் மேல் வைத்தேன். தட்டை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, தரையில் போட்டேன்.

அது விழுந்து, சுழன்று, சுவர் சுவராக முழங்கி, அடங்குகிற வரைக்கும் நின்று கேட்டேன். பிறகு குனிந்து எடுத்து, கழுவித் துடைத்து, அடுத்து வருபவருக்காகத் துணியை விரித்து வைத்தேன்.